பிப்ரவரி மதிப்பெண்கள்

எங்கள் அணியின் வரலாற்றை இரண்டு பேர் எழுதிவந்தோம். கோச் கர்ட் ஹாஃபர் எழுதுவது கல்லூரியின் ஆண்டுப் புத்தகத்தில் அச்சாகும். சீசனுக்கு மூன்று வரி: எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, யார் நன்றாக ஆடினான். நான் எழுதியது பச்சை அட்டை போட்ட நோட்டில் இருக்கிறது. அதில் வெற்றியும் தோல்வியும் கிடையாது. முழங்கை, தோள், தொடை, விரல், மண்டை. யாருக்கு எப்போது என்ன ஆயிற்று, எத்தனை நாள் ஆடாமல் உட்கார்ந்தான், யார் என் பேச்சைக் கேட்காமல் போய் நின்றான் என்பதுதான் அதில் இருக்கும்.

நான் லோர்னா வியர்ஸ்மா. அயோவாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஓஸ்பர்ன் கல்லூரியில், ஆடுகிறவர்களுக்குக் காயம் பார்க்கும் ட்ரெயினர். டாக்டர் இல்லை. ஆனாலும் பையன்கள் ‘டாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். 2003 முதல் 2023 வரை இருபத்தொரு பேஸ்பால் சீசன்கள் அந்த வேலியோரம் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் யாருக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பார்ப்பது இல்லை.

அணியின் பெயர் கில்டியர்ஸ். எங்கள் பக்கத்துச் சரளைத் தரையில் முட்டையிடும் ஒரு சின்னப் பறவை. ஆள் கூட்டின் பக்கம் வந்தால், இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி நடித்து, ஆளை வேறு பக்கம் இழுத்துப் போகும். எங்கள் பையன்கள் அதற்கு நேர்மாறு. ஒடிந்ததை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

நான் வந்த வருடம் அணியில் முப்பத்தொரு பேர். பதினான்கு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி. மார்ச் மாதத்தில் மைதானத்திலிருந்து பனியை வாரிக் கொட்டினோம். ஈரம் நின்ற இடங்களில், வீட்டுப் பூனைக்குத் தட்டில் போடும் மணலை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் காயவைத்தோம். மேற்கிலிருந்து காற்றடித்தால் பன்றிப் பண்ணை நாற்றம் மூக்கைத் துளைக்கும். வெளியூர்க்காரன் முகத்தைச் சுளிப்பதே நமக்கு இரண்டு ரன் லாபம் என்பார் கோச். கவலை வந்தால் சூரியகாந்தி விதையைக் கொறிப்பது அவர் வழக்கம். அவர் காலடியில் கிடக்கும் தோலின் அளவைப் பார்த்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

2008-இல் பதினான்கு ஆட்டங்களை மழை கொண்டுபோனது. எங்கள் விளையாட்டில் மழை ஒரு தனிச் சலுகை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. புத்தகத்தில் அந்த நாளே இருக்காது. தோள் வலிக்கிற பிட்சர்கள் என் அறை ஜன்னலில் நின்று மேகம் பார்ப்பார்கள். பந்து வீசுகிறவனுக்கு மழை என்றால் இன்னொரு நாள் கிடைத்தது என்று பொருள். காலையில் போன் அடித்து “டாக், மழை” என்று ஒருவன் சொன்னால், அதைவிட நல்ல சேதி எனக்கும் இருந்ததில்லை. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது.

2009 எங்கள் நல்ல சீசன். இருபத்துநாலு வெற்றி. டாரன் மீக் என்ற பிட்சர் இருந்தான், ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு. கடைசி வாரத்தில் அவனுடைய வலது முழங்கையின் உள்பக்கம் விரல் வைத்தேன். முகம் சுளித்தான்.

“சும்மா இறுக்கமா இருக்கு டாக். சூடு பண்ணா சரியாயிடும்.”

சரியாகாது என்று என் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் பட்டத்துக்கு ஒரு ஆட்டம்தான் பாக்கி, ஊரே திரண்டு வந்திருந்தது, எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆடத் தகுதி உண்டு என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது இன்னிங்ஸில், முப்பதடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அவன் முழங்கை விட்டுப்போன சத்தம் கேட்டது. டாரன் இப்போது ஊர் தானியக் கிடங்கில் வேலை செய்கிறான். மகளுக்கு இடது கையால் பந்து போட்டுப் பழக்குவான். என்னைப் பார்த்தால் கையசைப்பான், அதுவும் இடது கைதான். கோச்சின் புத்தகத்தில் அந்த வருடத்துக்கு ‘லீக்கில் இரண்டாம் இடம்’ என்று இருக்கிறது.

2013-இல் தலைக்கான பரீட்சை வந்தது. பிப்ரவரி மாதம், தலை நன்றாக இருக்கும்போது, ஒவ்வொருவனும் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும், வடிவங்களைப் பொருத்த வேண்டும், நிறம் மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும். சீசனில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். பிப்ரவரி மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் உட்கார வேண்டும். குறையாவிட்டால் ஆடலாம். அவ்வளவுதான் விதி.

முதல் நாள் இருபத்தெட்டுப் பையன்கள் கணினி அறையில் முனகிக்கொண்டிருந்தார்கள். சூழ்நிலையைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

“எதுக்குடா இவ்வளவு கஷ்டப்படறீங்க? பிப்ரவரியில முட்டாளா இருந்துட்டா, ஏப்ரல்ல எவனாலயும் உங்கள உட்கார வைக்க முடியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே மறந்துவிட்டேன். பச்சை நோட்டில் அதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த சீசன்களை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் சேர்கிறவர்கள் குறைந்தார்கள், அணியும் சுருங்கியது. 2016-இல் இருபத்துநாலு பேர். 2019-இல் பதினேழு. 2020-இல் பதினோரு ஆட்டத்தோடு தொற்று வந்து மைதானத்தைப் பூட்டினார்கள். நான்காம் வருடப் பையன்கள் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனார்கள். 2022-இல் பதின்மூன்று பேர். வருடா வருடம் பிப்ரவரி மதிப்பெண்ணும் இறங்கிக்கொண்டே வந்தது. வேதியியலில் முதலாவதாக வருகிறவன் சொல் ஞாபகத்தில் ஆட்டுக்குட்டி எழுதியதுபோல் மதிப்பெண் வாங்கினான். தூக்கக் கலக்கம், காலை நேரம், பையன்களுக்கு அக்கறை இல்லை என்றெல்லாம் நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்துவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்தேன். அந்த எண்கள் தாழ்வாக இருந்தவரை யாரையும் உட்கார வைக்கச் சொல்லி நான் கோச்சோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

2023 பிப்ரவரியில் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். மார்ச்சுக்குள் ஒருவன் பாடத்தில் தவறிப் போனான், ஒருவன் வேறு கல்லூரிக்குப் போனான், ஒருவனுக்குக் காரை எலும்பு முறிந்தது. மிச்சம் ஒன்பது. பேஸ்பாலுக்கு ஒன்பது பேர் வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் அம்பயர் ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார், இன்னிங்ஸுக்கு ஒரு ரன் என்று கணக்கிட்டு, ஒன்பதுக்குப் பூஜ்யம். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் அப்படிப் போயிற்று. மூன்றாவது முறை அப்படி நடந்தால் அடுத்த வருட அட்டவணையில் எங்களுக்கு இடமில்லை என்று லீக் எழுதிவிட்டது. லீக் விலக்கினால் அணியை மூடிவிடுவோம் என்று கல்லூரித் தலைவர் எழுதினார். எண்பத்தெட்டு வருடத்து அணி.

அந்த ஏப்ரல் முழுக்க நான் ஒன்பது பையன்களையும் முட்டை மாதிரி காத்தேன். ஒருவன் தும்மினால் வெப்பமானி, ஒருவன் படியில் வேகமாக இறங்கினால் திட்டு. சாப்பாட்டு அறையில் போய் நின்று யார் என்ன தின்கிறான் என்று பார்த்தேன். “அந்தக் கோழி வெந்திருக்கா பாரு” என்று சொன்னபோது சமையல்காரி என்னை முறைத்தாள். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஒன்பது பேரில் கேட்சர் எமெட் கோவார். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்தான் கேட்சர். எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்கு விரலால் சொல்கிறவனும் அவன்தான். எமெட் மூன்றாம் வருடம், கட்டையான உடம்பு, காது கொஞ்சம் பெரியது. லீக்கில் ஆடும் எழுபது மட்டைக்காரர்களும் அவன் மண்டைக்குள் இருந்தார்கள். யாருக்கு உள்பக்கப் பந்து ஆகாது, யார் முதல் பந்தையே அடிப்பான் என்று சனிக்கிழமை காலையில் என் மேஜையில் உட்கார்ந்து ஒப்பிப்பான், நான் அவன் கணுக்காலுக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன் பிப்ரவரியில் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

கடைசி சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆட்டத்தில், மட்டையைச் சுழற்றியவன் முழுச் சுற்றாகச் சுழற்ற, மட்டை பின்னால் வந்து எமெட்டின் ஹெல்மெட்டில் இடது காதுக்கு மேலே இடித்தது. எமெட் எழுந்தான், தலையை உதறினான், மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தான். வெள்ளிக்கிழமை தலைவலி என்றான். மகரந்த அலர்ஜி என்றும் அவனே சொன்னான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன்.

அறுபத்து மூன்று.

பிப்ரவரியைவிட ஐந்து அதிகம். எங்கள் அணிக்கென்று நகரத்தில் இருந்த டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். “எண் கூடியிருக்கே, அப்புறம் என்ன? நீங்களே கையெழுத்துப் போடுங்க” என்று வைத்துவிட்டார். ஆடத் தகுதி உண்டு என்ற தாள் என் மேஜையில் இருந்தது. ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. பதினோரு மணிக்குள் அம்பயரிடம் தாள் போக வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு எமெட் எதிரில் உட்கார்ந்தேன்.

“என்னைப் பாத்துச் சொல்லு. பிப்ரவரியில வேணும்னே தப்பா எழுதுனியா?”

அவன் காது சிவந்தது. “எல்லாரும் அப்படித்தான் டாக்.”

“எல்லாரும்னா?”

“எல்லாரும்தான். முதல் வருஷம் வந்தப்பவே சீனியர்ஸ் சொல்லிக்குடுத்துடுவாங்க. மூணுல ஒண்ணு தப்பா எழுதணும், ரொம்பத் தப்பா எழுதுனா மாட்டிக்குவோம்னு.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்பினான். “உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம். டாக்கோட ஐடியான்னுதான் சொல்லுவாங்க. பிப்ரவரியில முட்டாளா இரு, ஏப்ரல்ல ஆடுன்னு.”

பத்து வருடம். 2013 பையன்கள் 2014 பையன்களுக்குச் சொல்லி, அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லி, நான் ஒரு காலை நேரத்தில் சிரிப்பதற்காகச் சொன்னது அணியின் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை பேரை எண்ணைப் பார்த்து மைதானத்துக்கு அனுப்பினேன் என்று மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. பதினொன்றில் வந்து நின்றது.

“சரி,” என்றேன். “இன்னைக்கு வர்றவங்கள வரிசையாச் சொல்லு.”

சொன்னான். ஒன்பது பேரையும் சொன்னான். முதல் ஆள் ஓடுவான், அடிக்க மாட்டான். நாலாவது ஆளுக்கு வெளிப்பக்கம் போட்டால் விழுவான். ஏழாவது ஆளுக்கு மணிக்கட்டில் வலி, அதை மறைக்கிறான். ஒரு தடங்கல் இல்லை. கண்மணியில் டார்ச் அடித்தேன், சரியாகச் சுருங்கியது. ஒரு காலில் நிற்கச் சொன்னேன், நின்றான்.

“பாத்தீங்களா டாக்? நல்லாத்தான இருக்கேன்.”

அதுதான் என்னை வாட்டியது. அவன் உளறியிருந்தால், தள்ளாடியிருந்தால், எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். பயம் எனக்கு இருபது வருடமாகத் தினமும் இருக்கிறது. அதை ஒரு சாட்சியாக யாரிடம் கொண்டுபோய் வைப்பது?

பத்தரை மணிக்கு கோச் உள்ளே வந்தார். விதைப் பொட்டலம் கையில் இருந்தது, ஆனால் கொறிக்கவில்லை. எமெட்டை வெளியே அனுப்பினார்.

“எண் நல்லா வந்திருக்காமே.”

“அந்த எண் பொய் கர்ட். பிப்ரவரி எண்ணே பொய். வேணும்னே கம்மியா எழுதியிருக்கான். ஒம்போது பேரும் அப்படித்தான். என்னால எவனுக்கும் சத்தியம் பண்ண முடியாது.”

அவர் பக்கத்து மேஜையில் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“லோர்னா, கேளு. அவன கேட்சரா நிறுத்தப் போறதில்ல. கேப்டன் லூயிஸ் பிடிப்பான். எமெட்ட வலது ஓரத்துல, தூரமா நிறுத்தறேன். அந்தப் பக்கம் இந்த வருஷமே எட்டுப் பந்துதான் போயிருக்கு. வந்தாலும் எடுக்க வேணாம், விட்றட்டும். மட்டை பிடிக்கிற முறை வந்தா, தோள்லேர்ந்து மட்டைய எடுக்காம மூணு பந்தையும் பாத்துட்டுத் திரும்பி வரட்டும். நின்னா போதும். ஒம்போது இன்னிங்ஸ், மூணு மணி நேரம், சும்மா நின்னா போதும்.”

“அவன் தலைக்கு நேரா பந்து வந்தா?”

“வராது.”

“நீ சொல்றியா வராதுன்னு?”

“எண்பத்தெட்டு வருஷம் லோர்னா.” அவர் குரல் இறங்கிவிட்டது. “என் அப்பன் ஆடுன டீமு. மூணு மணி நேரம் ஒரு பையன் புல்லுல நின்னா பொழச்சிக்கும். உனக்கு என்ன காரணம் இருக்கு, அதச் சொல்லு. வாந்தி எடுத்தானா? கண்ணு சரியில்லையா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“பயமா இருக்கு. அவ்வளவுதான்.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பேனாவை எடுத்தேன். சும்மா நிற்பதுதானே என்று எனக்கும் தோன்றியது. வலது ஓரத்துப் புல் கண் முன்னால் வந்தது. வெயில், காற்று, அங்கே ஒன்றும் நடக்காது. என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன். இரண்டாவது எழுத்துக்கு டாரனின் இடது கை ஞாபகம் வந்தது. பேனாவை மூடினேன். தாளை இரண்டாக மடித்து என் பச்சை நோட்டுக்குள் வைத்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது.

“நான் கையெழுத்துப் போடல கர்ட். எதுக்குப் போடலன்னு லீக்குக்கும் நானே எழுதறேன். பரீட்சைய ஏமாத்தச் சொல்லிக்குடுத்ததே நான்தான்னும் எழுதறேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து கதவு வரை போனவர், திரும்பாமலேயே, “பசங்ககிட்ட நீயே சொல்லு” என்றார்.

சொன்னேன். அணித் தலைவன் லூயிஸ் அரெயானோ நான் முடிக்கும் வரை கேட்டான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, “எட்டுப் பேரா இருந்தாலும் போய் நிப்போம் டாக். ஆட்டத்த அவங்களுக்குக் கொடுக்கற அம்பயரு எங்க முகத்தப் பாத்துக் கொடுக்கட்டும்” என்றான். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒருவன்கூட முகம் பார்க்கவில்லை. எமெட் கடைசியாக நின்றான். “உங்களுக்கு எங்க டீமே பிடிக்காது டாக்,” என்றான். “எப்பவுமே பிடிச்சதில்ல.” இருபத்தொரு வருடத்தில் என்னை யாரும் அவ்வளவு காயப்படுத்தியதில்லை.

மேகமே இல்லாத நாள். பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். பிட்சர் மேட்டில் ஏறிப் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே குந்தி உட்கார ஆளில்லை, மட்டைக்காரன் நிற்கும் இடத்து வெள்ளைத் தகடு மட்டும் கிடந்தது. அம்பயர் ஒரு முறை எண்ணினார், கோச்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் காத்திருப்பது விதி. எதிரணிக்காரர்கள் பந்து எறிந்து பழகுவதை நிறுத்திவிட்டு அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி, தப்பு செய்துவிட்டேனோ, தப்பு செய்துவிட்டேனோ என்று அந்தப் பதினைந்து நிமிடமும் அரைபட்டேன். பிறகு அம்பயர் கையைத் தூக்கி எதிரணியின் பெஞ்சைக் காட்டினார். லூயிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி நடந்தான்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எமெட் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“டாக், இன்னைக்கு யாரோட ஆட்டம்?”

கோபத்தில் குத்திக்காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இடது கண்மணி பெரிதாக விரிந்திருந்தது. நான் அவன் தோளைப் பிடிப்பதற்குள் முழங்கால் மேலேயே வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸ் பக்கத்து மாவட்டத்தில் வேறு விபத்துக்குப் போயிருந்தது, வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். என் வண்டியிலேயே போட்டேன். கோச் பின்னால் அவர் வண்டியில் வந்தார். ஐம்பது மைல். வாழ்நாளில் நான் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. எமெட் பக்கத்து இருக்கையில் தலையைச் சாய்த்திருந்தான். தூங்கவிடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

“ஜெயிச்சிட்டோமா டாக்?”

“இல்லடா. ஆள் பத்தல. கொடுத்துட்டாங்க. ஒம்போதுக்குப் பூஜ்யம்.”

அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கைத் துடைக்கக்கூடத் தெரியாமல் அழுதான். “டீம் போச்சா? என்னாலயா?” என்றான். உன்னால் இல்லை என்றேன். பத்து நிமிடம் ஓய்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்தான்.

“டாக், ஜெயிச்சிட்டோமா?”

மறுபடி சொன்னேன். மறுபடி அதே அழுகை, புதிதாகக் கேட்பதுபோல், அதே கேள்வி, என்னாலயா என்று. மூன்றாவது முறையும் உண்மையைத்தான் சொன்னேன். அந்த முறை தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசும்பியவன், வலியில் ‘அம்மா’ என்று கத்திவிட்டான். இன்னும் இருபது மைல் இருந்தது.

“டாக், ஜெயிச்சிட்டோமா?”

“மழைடா,” என்றேன். “மழை வந்துடுச்சு. ஆட்டம் நாளைக்கு.”

அவன் முகம் தளர்ந்தது. “நல்லதாப் போச்சு,” என்றான். “எனக்கு ஒரு நாள் கெடைச்சா போதும்.” கண்ணாடிக்கு வெளியே வெயில் சோள வயல்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் மழை என்றே சொன்னேன்.

மூளைக்கும் எலும்புக்கும் நடுவில் வியாழக்கிழமையிலிருந்தே மெல்ல இரத்தம் கசிந்திருக்கிறது. போய்ச் சேர்ந்த உடனேயே மண்டையைத் திறந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அறுவைச் சிகிச்சை செய்த பெண் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துவிட்டான் என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தாலோ, அங்க வெயில்ல ஓடியிருந்தாலோ, நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன்” என்றார். கோச் மதியத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் போன பிறகு பக்கத்து நாற்காலிக்கு வந்து, என் கையைப் பிடித்து விரித்து, பொட்டலத்திலிருந்து விதையைக் கொட்டினார். இருவரும் கொறித்தோம். ஆஸ்பத்திரித் தரை முழுக்கத் தோல்.

லீக் எங்களை விலக்கியது. கல்லூரி அணியை மூடியது. நான் எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் என்னை விசாரித்தார்கள்; விசாரணை முடியும் முன்னால் நானே வேலையை விட்டேன். பத்து வருடத்தில் அடிபட்ட பிறகும் நான் மைதானத்துக்குத் திருப்பி அனுப்பிய அந்தப் பதினொரு பேருக்கும், தலையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லித் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். ஏழு பேர் பதில் எழுதினார்கள். மற்ற நான்கு பேரை நினைத்தால் இன்றும் சாப்பாடு இறங்குவதில்லை.

ஆகஸ்டில் என் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது எமெட் வந்தான். உடம்பு இளைத்திருந்தான், காதுக்கு மேலே தழும்பு, அதன்மேல் முடி பொடிப்பொடியாக முளைத்திருந்தது. வழக்கம்போல் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் புது ஆண்டுப் புத்தகம் கிடந்தது. அதை அவன் திறக்கவில்லை.

“அந்த நாளே எனக்கு இல்ல டாக்,” என்றான். “காலையில பரீட்சை எழுதுனது, நீங்க என்ன கேட்டீங்க, ஒண்ணும் இல்ல. மழை மட்டும் ஞாபகம் இருக்கு. வண்டிக் கூரை மேல சத்தம் கேட்டுச்சு. நீங்க ஓட்டிட்டு இருந்தீங்க. பசங்க வேற என்னமோ சொல்றாங்க, கொடுத்துட்டாங்க, அது இதுன்னு. நான் சொல்றேன், இல்லடா, மழை பெஞ்சுச்சு, டாக்கைக் கேளுங்கன்னு.” என்னைப் பார்த்தான். “பெஞ்சுது இல்ல?”

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஒரு சின்னச் சொல்தான்.

“பெய்யலடா,” என்றேன். “ஒரு சொட்டு பெய்யல. நான்தான் பொய் சொன்னேன். ஆள் பத்தல, ஒம்போதுக்குப் பூஜ்யம். டீம் போச்சு. உன்னால இல்ல. உன்ன ஆடவிடாம நிறுத்துனது நான்.”

நான்காவது முறையாக அழுதான். சத்தமில்லாமல், பெரிய ஆள் அழுவதுபோல், கையால் முகத்தை மூடிக்கொண்டு. பட்டிச் சுருள்களைப் பெட்டியில் அடுக்கினேன், கத்தரிக்கோல்களை எண்ணினேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. அன்று வண்டியில் பத்து நிமிடத்தில்தான் மறந்திருந்தான். பத்தாவது நிமிடம் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து வாயைத் திறந்தான்.

“லூயிஸ் எப்படி இருக்கான் டாக்?” என்றான்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். ஜெயிச்சிட்டோமா என்று அவன் மறுபடி கேட்கவில்லை.